தெயானிரா சுமந்த வீடு

சால்மன் ஆலையில் தெயானிரா குவென்தேயோவின் வேலை, மீனின் வயிற்றைத் திறப்பது. நிமிடத்துக்குப் பதினாறு மீன். அவளுடைய இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்து இருக்கும். புதிதாகச் சேருகிற பெண்கள், படகில் வழுக்கி விழுந்தாயா என்று கேட்பார்கள். "ஒரு வீட்டத் தூக்கினேன்" என்பாள், கத்தியை நிறுத்தாமல். நகரத்திலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள். தீவுப் பெண்கள் சிரிக்க மாட்டார்கள். யார் வீடு என்று அவர்களுக்குத் தெரியும்.

தீவுகளுக்கு நடுவே ஓடும் எங்கள் கடல் கால்வாயின் இரண்டு கரையிலும் யாருக்காவது ஏதாவது ஒன்று வாய்த்திருக்கும். மேட்டுத் தெருவில் ஒருவருக்கு மழையை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கத் தெரியும். அதற்குமேல் முடியாது, அதற்குள் வைக்கோலை உள்ளே போட்டுவிட வேண்டும். தேவாலயத்தில் மணியடிப்பவரின் மனைவிக்கு, சேற்றில் மட்டி எங்கே புதைந்திருக்கிறது என்று பாதம் சொல்லும். இதிலெல்லாம் பெருமையும் கிடையாது, பயமும் கிடையாது. ஒருவனுக்கு நல்ல குரல் இருப்பது மாதிரிதான்.

தெயானிராவுக்கு வாய்த்தது கனம் எடுக்கிற கை. பதின்மூன்று வயதில், சேற்றில் புதைந்த கிழங்கு வண்டியின் மீது சும்மா உள்ளங்கையை வைத்தாள். வண்டி இறகு மாதிரி ஆகிவிட, முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்த மாடுகள் இரண்டும் முகம் குப்புற விழுந்தன. வண்டிக்காரர் அவளைத் திட்டினார். மறுவாரம் அதே வண்டிக்காரர் அவளைத் தேடி வந்தார்.

எங்கள் வீடுகள் மரத்தால் ஆனவை. இடம் பிடிக்காவிட்டால் வீட்டோடு கிளம்பிவிடுவோம். உருளைக்கட்டைமேல் ஏற்றி, மாடு பூட்டி இழுப்பது. தேவைப்பட்டால் கடலில் மிதக்கவிட்டு அக்கரைக்கும் கொண்டுபோவது. ஊரே வந்து கைகொடுக்கிற இந்த வேலைக்கு மிங்கா என்று பெயர். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. தெயானிரா வருவதற்குமுன் ஒரு வீட்டைக் கடல் தாண்ட வைக்க அறுபது ஆள், இருபது ஜோடி மாடு, வீட்டைச் சுற்றிக் கட்ட நூறு காலிப் பீப்பாய் வேண்டும். அவள் வீட்டுக்குள் ஏறி நடுத்தூணில் கையை வைத்துவிட்டால் பன்னிரண்டு ஆள் போதும். வீடு வாத்து மாதிரி தண்ணீரில் உட்காரும். ஆறு வருடத்தில் ஊர் சோம்பேறியாகிவிட்டது. பீப்பாய்களில் கோழி அடைகாத்தது.

எடுத்த கனம் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அது அவளுக்குள் போனது. ஒவ்வொரு மிங்காவுக்குப் பிறகும் நான்கு நாள் படுக்கையில் கிடப்பாள். சூப்பு வரும், ஆட்டுக்கறி வரும், "எங்க தங்கம்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான்கு நாளில் கனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குள் இறங்கிவிடும்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது யாஸ்னா கார்க்கமோ என்கிற பெண்ணுக்குப் பதினெட்டு. யாஸ்னாவின் வீடு கடலோரச் சரிவில் இருந்தது. அம்மா இறந்துவிட்டாள், அப்பா அபெலினோ கார்க்கமோவும் அவளும் மட்டும். வருடத்துக்கு ஒரு முழம் சரிவு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கோழிக்கூடு ஏற்கெனவே போய்விட்டது, கோழிகளோடு. மேட்டில் கார்க்கமோக்களுக்கு ஒரு வீடு நிற்கிற அளவுக்குச் சமதளம் இருந்தது. அது குவென்தேயோக்களின் கிழங்கு வயலை ஒட்டிய இடம், அதாவது தெயானிராவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே.

"எங்க வீடு மேல வந்துட்டா உன் அடுப்பங்கரை சன்னலுக்கும் என் அடுப்பங்கரை சன்னலுக்கும் பதினெட்டு அடிதான்" என்றாள் யாஸ்னா ஒருநாள். காலடி வைத்து அளந்தே பார்த்திருந்தாள்.

"பதினெட்டு அடியில என்னடி பண்ண முடியும்?"

"உப்பு கேக்கலாம். ஒரு நாளைக்கு நாப்பது தடவ கேக்கலாம்."

கந்தேலாரியா மாதா திருவிழாவன்று, ஊர்வலம் கடற்கரைப் பக்கம் திரும்பிய மத்தியானத்தில், இருவரும் படகுக் கொட்டகைக்குள் முத்தமிட்டுக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்தது. அபெலினோ உள்ளே வந்தார். வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்த கண். நேராகச் சுவரோரம் போய் ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

பார்த்தாரா, பார்க்கவில்லையா? பதினைந்து நாள் இதே பேச்சு. யாஸ்னா பார்த்துவிட்டார் என்றாள். அவர் முன்னைப்போலத்தான் சாப்பிட்டார், முன்னைப்போலத்தான் வலை தைத்தார், அதுதான் பயமாக இருக்கிறது என்றாள். தெயானிரா பார்க்கவில்லை என்றாள். பார்த்திருந்தால் எந்த மனிதன் சும்மா துடுப்பை எடுத்துக்கொண்டு போவான்?

பதினாறாம் நாள் காலை அபெலினோ மேடேறி வந்தார். கையில் மண் ஜாடி நிறைய ஆப்பிள் கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டார். ஜாடியையும் தொப்பியையும் பார்த்ததுமே என்ன விஷயம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மிங்காவுக்குக் கெஞ்ச வந்திருக்கிறார். இதற்கு முறை உண்டு. வந்தவர் கோப்பையில் ஊற்றி நீட்டுவார். எந்த வீடு, எந்த நாள், எந்த இடம் என்று மூன்றையும் சொல்வார். சொல்லி முடிக்கும்வரை வாங்கியவர் கோப்பையைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும். குடித்துவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று.

தெயானிராவும் அம்மா நோல்ஃபாவும் அண்ணன் எரிபெர்த்தோவும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"கெஞ்சிக் கேட்டுக்க வந்திருக்கேன்" என்றார் அபெலினோ, கோப்பையைத் தெயானிராவிடம் நீட்டி. "சரிவு இனிமே தாங்காது. வீட்ட நகத்தலாம்னு இருக்கேன்."

தெயானிராவுக்குப் பதினெட்டு அடியும் நாற்பது தடவை உப்பும் கண்ணில் ஓடின. இவர் பார்க்கவே இல்லை!

"இரும்மா, மனுஷன் சொல்லி முடிக்கட்டும்" என்று நோல்ஃபா வாயெடுப்பதற்குள் கோப்பை காலி.

அபெலினோ காலிக் கோப்பையைப் பார்த்தார். அவசரப்படாமல் அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்தார்.

"சனிக்கிழமை, கடல் ஏத்தம் பாத்துக் கிளம்பணும். எதிர்க்கரையில என் சம்சாரம் வழி நிலம் கெடக்கு. அங்க வச்சுக்கறேன்."

"எதிர்க்கரையிலயா?" என்றான் எரிபெர்த்தோ. "அங்க கடல்நாயும் காத்தும்தானே இருக்கு, அபெலினோ ஐயா? நம்ம மேட்டுல இடம் சும்மாதானே கெடக்கு?"

"இங்க அக்கம்பக்கம் சரியில்ல தம்பி." பிறகு தெயானிராவின் பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் கொட்டகையிலயே உன்கிட்டக் கேட்டிருப்பேன். அப்ப உனக்குக் கை ஒழியல."

தொப்பியைப் போட்டுக்கொண்டு நோல்ஃபாவுக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். ஜாடியில் மீதிக் கள் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

"நான் போக மாட்டேன்" என்றாள் தெயானிரா.

"குடிச்சாச்சு" என்றாள் நோல்ஃபா.

"ஏமாத்திக் குடிக்க வச்சாரும்மா."

"உன் வாய அவரா தெறந்தாரு?" நோல்ஃபா அடுப்பில் விறகைத் தள்ளினாள். "நீ யார்கூட இருக்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நான் ஒண்ணும் கேக்கல பாரு. இனியும் கேக்க மாட்டேன். ஆனா குடிச்சிட்டுப் போகாதவன் கதி தெரியுமில்ல? அந்தப் பாயமோந்தே குடும்பத்துக்கு எத்தன பேரு கிழங்கு தோண்டப் போனாங்க, சொல்லு?"

யாரும் போகவில்லை. பாயமோந்தேயின் கிழங்கு முழுவதும் மண்ணுக்குள்ளேயே அழுகியது. நாற்றம் தேவாலயம்வரை வந்தது. அடுத்த வருடம் அந்தக் குடும்பமே ஊரில் இல்லை. நோல்ஃபாவின் கிழங்கும் அப்போது மண்ணுக்குள்தான் இருந்தது.

எரிபெர்த்தோ தங்கையைப் பார்க்காமல் சொன்னான்: "வீட்ட இழுக்கற முன்படகு என்னோடதாம். எனக்கும் ஊத்திட்டாரு, நேத்தே. இடத்தச் சொல்லல. நானும் நம்ம பக்கத்து இடம்னுதான் நெனச்சேன்."

சனிக்கிழமை நல்ல வெயில். எங்கள் ஊரில் அதுவே அதிசயம். மேட்டுத் தெருக்காரர் மழையைத் தள்ளிவைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வீட்டின் கதவுகளையும் சன்னல்களையும் கழற்றியிருந்தார்கள், இழுப்பில் சட்டம் முறுக்காமல் இருக்க. சாமான் எல்லாம் வெளியே. அடுப்பு மட்டும் உள்ளே, எரிந்துகொண்டு. வீடு பயணம் போகும்போது அடுப்பு அணையக் கூடாது. அணைந்தால் வீடு அனாதையாகிவிடும், கனமும் கூடிவிடும் என்பார்கள். அடுப்பை அந்த வீட்டுப் பெண்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்க்கமோ வீட்டில் பெண் என்றால் யாஸ்னா ஒருத்திதான். அபெலினோவாலும் இந்த முறையை மாற்ற முடியவில்லை. அதனால்தான் முன்படகில் எரிபெர்த்தோவோடு, கதவில்லாத வாசலுக்கு நேராக, வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

தெயானிரா நடுத்தூணில் உள்ளங்கையை வைத்தாள். கூரைப் பலகையிலிருந்து தரைக்கட்டைவரை கனம் இறங்கி அவள் கைக்குள் வந்தது. நான்கே ஜோடி மாடு. வீடு சரிவில் வழுக்கிக்கொண்டு கடலில் இறங்கியது. கரையிலிருந்தவர்கள் தொப்பியை வீசினார்கள். நான்கு படகு, நான்கு வடம், படகுக்கு மூன்று ஆள். வீடு புகை விட்டுக்கொண்டே கால்வாயில் போயிற்று.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. முன்படகிலிருந்து பார்ப்பவருக்கு ஒருத்தி தூணோடு நிற்கிறாள், ஒருத்தி அடுப்பு முன் குந்தியிருக்கிறாள்.

"குடிச்சியாமே" என்றாள் யாஸ்னா, விறகைப் பார்த்துக்கொண்டு.

"மேல வரப்போறீங்கன்னு நெனச்சேன்."

"நான்தான் சொன்னேனே, பாத்துட்டாருன்னு. ஒரு நாளாவது நான் சொல்றதக் கேட்டிருக்கியா நீ?"

உருளைக்கட்டை கழன்று பின்னால் மிதந்து போனது. நடுக்கால்வாய் வந்தது. அங்கே தண்ணீர் கருநீலமாக, சுழித்துக்கொண்டு ஓடும்.

"தெயானிரா. கைய எடு."

"என்ன?"

"கைய எடுன்னேன். போகட்டும் வீடு. எனக்கும் நீச்சல் தெரியும், உனக்கும் தெரியும். வீடு இல்லேன்னா எதிர்க்கரையில போய் அவரு எங்க படுப்பாரு? அத்த வீட்டுக்குத்தான் வரணும். அத்த வீடு உன் வயலத் தாண்டி நாலாவது."

"வடம் கட்டியிருக்குடி."

"அறுத்துக்குவாங்க."

"அறுக்க நேரம் இருக்காது. கனம் மொத்தமாத் திரும்பும், ஒரே மூச்சுல. வீடு கல்லு மாதிரி உள்ள போகும். நாலு படகையும் இழுத்துக்கிட்டுப் போகும். பன்னெண்டு பேரு யாஸ்னா. எங்கண்ணன் முன்படகுல இருக்கான்."

"எங்கப்பாவும் முன்படகுலதான் இருக்காரு."

இதைச் சொன்னபோதும் யாஸ்னா திரும்பவில்லை. தெயானிரா அவளுடைய முதுகைப் பார்த்தாள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, தோளில் ஒரு நூல் பிரிந்திருந்தது. கை தூணிலேயே இருந்தது.

"எடுக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப நீயும் அவங்கள்ல ஒருத்திதான்."

யாஸ்னா விறகு போடுவதை நிறுத்தினாள். கடைசி இரண்டு கட்டையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டாள். அடுப்புக்குள் நெருப்பு முதலில் சிவந்தது, பிறகு சுருங்கியது. முன்படகில் அபெலினோ எழுந்து நின்றுவிட்டார்.

"ஏ புள்ள! பொகையக் காணோம்! அடுப்பப் பாரு!"

யாஸ்னா காது கேட்காத மாதிரி இருந்தாள்.

வீடு குளிர ஆரம்பித்தது. அப்போதுதான் தெயானிராவுக்குத் தெரிந்தது, கனம் கூடும் என்பது வாய்ப்பேச்சு இல்லை என்று. தூண் வழியாக இன்னொரு வீடு இறங்கி வந்த மாதிரி இருந்தது. முதலில் முழங்கால் மடங்கியது. பிறகு இடது தோளில் ஏதோ ஒன்று, ஈர விறகு ஒடிகிற சத்தத்தோடு, கீழே இறங்கியது. அவள் கத்தவில்லை. கையை மட்டும் எடுக்காமல் தூணோடு சரிந்தாள். பலகை இடுக்கில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

யாஸ்னா அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்பினாள். ஒரு கணம் பார்த்தாள். மடியிலிருந்த கட்டை இரண்டையும் அடுப்புக்குள் திணித்து, குனிந்து, முகம் சிவக்க ஊதினாள். நெருப்புப் பிடித்தது.

"உனக்காகப் போட்டேன்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுக்கு இல்ல. தெரிஞ்சுக்க."

அதற்குப் பிறகு எதிர்க்கரைவரை அவள் அடுப்பை அணையவிடவில்லை.

கரையில் குழி வெட்டி, சூடேறிய கல்லில் மட்டியும் பன்றிக்கறியும் கிழங்கும் இலை மூடி வெந்துகொண்டிருந்தன. மாடு பூட்டி வீட்டை மேலே ஏற்றி, முட்டுக்கட்டைமேல் உட்கார வைத்தார்கள். தெயானிராவை இருவர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முதல் தட்டு அவளுக்குத்தான். அதுவும் முறை.

அபெலினோ கோப்பையைத் தூக்கினார். "இந்தப் புள்ள இல்லேன்னா இன்னிக்கு இந்த வீடு இங்க இல்ல. எனக்கு இன்னொரு மக மாதிரி."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"மக மாதிரின்னா ஞாயித்துக்கிழமை நான் இங்க வரலாமா?" என்றாள் தெயானிரா.

கைதட்டல் நின்றது. யாரோ சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்கள். அபெலினோ கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்டோட கனம் மொத்தமும் இப்ப என் உடம்புல இருக்கு" என்றாள். எழுந்து நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எந்தப் பலகையில யார் காலு பட்டுதுன்னு சொல்வேன். வடக்கு அறைக் கட்டில் கெடந்த எடத்துல பதினஞ்சு நாளா ஒருத்தி தூங்காம அழுதிருக்கா. அது மட்டுமே ரெண்டு மாட்டுக் கனம். ஏன் அழுதான்னு யாராவது ஒருத்தர் கேளுங்க. ஒருத்தர் கேட்டாப் போதும்."

நாற்பது பேர் இருந்தார்கள். ஆறு வருடமாக அவளுக்கு சூப்பு கொண்டுவந்தவர்கள்தான். எரிபெர்த்தோ தட்டிலிருந்த மட்டியை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். மணியடிப்பவரின் மனைவி, "கிழங்கு ரொட்டி ஆறுது, எடுத்துக்கோங்கப்பா" என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் ரொட்டிக்குக் கையை நீட்டினார்கள். அக்கார்டியன்காரர், யாரும் சொல்லாமலே, வாசிக்க ஆரம்பித்தார். ஒரு வீட்டையே தூக்கிய கையால் அந்த மேசையிலிருந்து ஒரு கேள்வியைத் தூக்க முடியவில்லை.

அப்போதுதான் ஆசாரி வடக்கு அறைக்குச் சன்னலை மாட்டி முடித்திருந்தார். யாஸ்னா உள்ளே நின்றிருந்தாள். பேசியதெல்லாம் கேட்டிருக்கும். சன்னலைச் சாத்தினாள்.

கனம் அந்த முறை நான்கு நாளில் இறங்கவில்லை. இருபது நாள் ஆயிற்று. தோள் இறங்கியது இறங்கியதுதான். வசந்தத்தில் ஒரு பக்கத்து ஊர்க்காரர் ஜாடியோடு வந்தார். எந்த வீடு, எந்த நாள், எந்த இடம், மூன்றும் ஒழுங்காகச் சொன்னார். தெயானிரா கோப்பையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். ஊர் மறுபடியும் பீப்பாய் தேடியது, அறுபது ஆள் தேடியது. அவளுக்கு சக்தி போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவள் அப்படிப்பட்டவள் என்பதால்தான் போயிற்று என்றும் சிலர் பேசினார்கள். அன்று மேசையில் வாய் திறக்காதவர்களுக்கு இப்போது மட்டும் வாய் வந்தது. தெயானிரா மறுக்கவில்லை. ஆலையில் ஆள் எடுத்தார்கள், சேர்ந்துவிட்டாள். ஆயிரம் கிலோ மீன் பெட்டியை அவளால் ஒரு விரலால் நகர்த்த முடியும். இதுவரை நகர்த்தியதில்லை. அதற்கு வண்டி இருக்கிறது.

யாஸ்னா எதிர்க்கரையில் நான்கு மாதம்தான் இருந்தாள். பிறகு கப்பல் ஏறித் தெற்கே புந்தா அரேனாஸுக்குப் போய்விட்டாள், நண்டை டப்பாவில் அடைக்கிற வேலைக்கு. அப்பாவிடமும் சொல்லவில்லை, தெயானிராவிடமும் சொல்லவில்லை. பெண்ணைக் காப்பாற்ற வீட்டையே கடல் தாண்ட வைத்த அபெலினோ இப்போது அந்த வீட்டில் காற்றோடும் கடல்நாயோடும் இருக்கிறார்.

எட்டு வருடம் கழித்து, போன மார்ச்சில், யாரிடமோ வாங்கிய எண்ணுக்கு தெயானிரா போன் செய்தாள். ஆலை இடைவேளை, ரப்பர் பூட்ஸோடு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"தோள் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் யாஸ்னா. யார் பேசுவது என்று கேட்கவில்லை.

"இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டிருக்கேன். அங்க வரலாம்னு."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"வராத."

"இன்னும் கோவமா? அன்னிக்கு நான் கைய எடுத்திருந்தா..."

"பன்னெண்டு பேரு செத்திருப்பாங்க. எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் எடுக்கச் சொன்னேன்." யாஸ்னாவின் குரல் நிதானமாக இருந்தது, எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்ததுபோல. "நீ செஞ்சதுதான் சரி. உன்னப் பாத்தா நான் கேட்டதுதான் எனக்கு ஞாபகம் வரும். எங்கப்பன் மூஞ்சியக்கூட என்னால பாத்துட முடியும். உன் மூஞ்சியப் பாக்க முடியாது."

"அத நான் யார்கிட்டயும் சொல்லல யாஸ்னா."

"தெரியும். அதுவும்தான் காரணம்."

சைரன் ஊதியது. பிறகு அந்தப் பக்கம் லைன் இல்லை.

தெயானிரா உள்ளே போய் மேற்பார்வையாளரிடம், வெள்ளிக்கிழமை லீவு வேண்டாம் என்றாள். அவன் பட்டியலில் அவள் பெயரைத் தேடி ஒரு கோடு போட்டான். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போனாள். பெல்ட் ஓடத் தொடங்கியிருந்தது.